இருநூறு குரோஸ் குழாய்

அன்று காலை ஒன்பதரை மணிக்குத் தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே நாங்கள் பதினாறு பேர் இருந்தோம். முகாமுக்கு வந்திருந்த நாற்பத்தேழு மாணவர்களில் மீதிப் பேர் ஊர்ப் பள்ளிக்கூடத்தில், கண் பரிசோதனைக்கு வந்த கூட்டத்தை வரிசையில் நிறுத்திக்கொண்டிருந்தார்கள். எங்களைக் கூட்டிவந்த பேராசிரியர் எங்களோடு தொட்டியடியில் இருந்தார். இருக்க வேண்டியவர்களில் இல்லாதவர்கள் இரண்டு தரப்பு. ஒருவர், அந்தத் தொட்டிக்குப் பொறுப்பான தண்ணி அண்ணன். காரியாபட்டியில் தங்கை மகளுக்குச் சடங்கு என்று விடியற்காலையிலேயே பஸ் ஏறிவிட்டார். பதினொரு மணிக்குத் திரும்பிவிடுவேன் என்று சொல்லியிருந்தார். இன்னொரு தரப்பு, தொட்டிக்குக் கீழே சரிவில் இருக்கிற சிமெண்டுக் களத்தில் எந்நேரமும் உட்கார்ந்திருக்கும் பெண்கள். அன்றைக்கு அவர்களில் ஒருவர்கூடக் களத்தில் இல்லை.

அவர்கள் இல்லாததற்குக் காரணம் நான். முந்தின நாள் சாயங்காலம் ஆட்டோவில் மைக் கட்டித் தெருத் தெருவாகக் கூவிக்கொண்டு போனது நான்தான். "நாளைக் காலை எட்டரை மணிக்குப் பள்ளிக்கூடத்தில் இலவசக் கண் பரிசோதனை. அனைவரும் வேலையைப் போட்டது போட்டபடி வந்து பயன்பெறுமாறு கேட்டுக்கொள்கிறோம்." எழுதிக் கொடுத்த தாளில் 'போட்டது போட்டபடி' இல்லை. நானாகச் சேர்த்தது. அப்படிச் சொன்னால் ஊர் கேட்கும் என்று நினைத்தேன். ஊர் கேட்டது.

எங்கள் கல்லூரியில் வருஷா வருஷம் மாசி மாத விடுமுறையில் ஒரு கிராமத்தில் ஏழு நாள் தங்கி நாட்டு நலப்பணி முகாம் நடத்துவார்கள். அந்த வருஷம் ஆமத்தூரிலிருந்து உள்ளே போகிற ஒரு சின்ன ஊர். திங்கட்கிழமை போய் இறங்கினோம். பள்ளிக்கூடத்தில் படுக்கை, பின்பக்கம் சமையல். செவ்வாய்க்கிழமை வேலைப் பட்டியலில் இரண்டு: கண் பரிசோதனை, குடிநீர்த் தொட்டி கழுவுதல்.

தொட்டியைக் கழுவ வேண்டுமென்றால் முதலில் உள்ளே கிடக்கிற பழைய தண்ணீரை வெளியேற்ற வேண்டும். வெயில் ஏறுவதற்குள் ஆரம்பித்தால் நல்லது என்று சார் நினைத்தார்.

"அந்த அண்ணன் வர்ற வரைக்கும் காத்திருக்கணுமா? இதுல கழிவுத் தண்ணி வால்வு எதுன்னு யாருக்காவது தெரியுமா?"

"எனக்குத் தெரியும் சார். எங்க ஊர்லயும் இதே தொட்டிதான்," என்றேன்.

எனக்குத் தெரிந்தது வால்வு மட்டும்தான். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் முடித்துக் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். அப்பா லாரியில் லோடு ஏற்றுகிறவர், அம்மா சிவகாசிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்க்கிறவர். 'யாருக்குத் தெரியும்' என்று வகுப்பில் ஒரு கேள்வி வந்தால் என் கை தானாக மேலே போய்விடும். அந்தப் பழக்கம் அன்றைக்கு வால்வு வரைக்கும் போய்விட்டது.

ஏறித் திறந்தேன். தண்ணீர் குபுகுபுவென்று கொட்டியது. கீழே நின்றவர்கள் கைதட்டினார்கள். ஒருவன் செல்போனில் வீடியோ எடுத்தான். அரை நிமிஷம் கழித்து, அந்த வீடியோவைத் திரையில் பார்த்துக்கொண்டிருந்தவன்தான் முதலில் கத்தினான்: "டேய், தண்ணி களத்துக்குப் போகுதுடா!"

களத்தில் சாக்கும் படுதாவும் பழைய சேலைகளும் விரித்து, அதன்மேல் காகிதக் குழாய்கள் காய்ந்துகொண்டிருந்தன. விரல் நீளத்தில், பழுப்பு நிறத்தில், பரப்பி வைத்த நிலக்கடலை மாதிரி களம் முழுக்க. அவற்றில் வெடிமருந்து எதுவும் கிடையாது. அது கம்பெனியில், அதற்கென்று கட்டிய அறையில் மட்டும் அடைப்பது. ஊரில் செய்வது வெறும் காகிதத்தை மைதாப் பசை தடவிச் சுற்றிக் காயவைக்கிற வேலை. காய்ந்த குழாய் கல் மாதிரி இருக்கும். ஈரம் பட்டால் பசை விட்டுப்போய் அத்தனையும் பழையபடி காகிதம்தான்.

நான் மறுபடி ஏறி வால்வைத் திருகி மூடுவதற்குள் களத்தின் மேல்பாதியில் கணுக்கால் அளவு தண்ணீர். ஓடிப்போய்ப் படுதாவைப் பிடித்து இழுத்தோம். இழுத்த இழுப்பில் குழாய்கள் உருண்டு தண்ணீருக்குள்ளேயே விழுந்தன. கையில் அள்ளினால் கஞ்சியில் ஊறிய அப்பளம் போல வழுவழுவென்று வந்தன.

அந்த ஊரில் இதற்கென்று ஒரு வழக்கம் உண்டு என்பது பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. தொட்டி கழுவும் நாளுக்கு முன்னால் தண்ணி அண்ணன் வீடு வீடாகப் போய் வாசலில் நின்று, "நாளைக்குத் தொட்டி" என்பார். அவ்வளவுதான். மறுநாள் களத்தில் யாரும் குழாய் போட மாட்டார்கள். தண்ணீர் திரும்புகிற இடத்தில் இரண்டு மணல் மூட்டையைப் போட்டுவிட்டு அவர் வால்வைத் திறப்பார். இந்த முறை, மதியம் குழாயை எல்லாம் அள்ளிய பிறகு திறந்தால் போதும், பதினொரு மணிக்கு வந்து சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்திருக்கிறார். முகாம்காரர்கள் அதுவரை பொறுக்க மாட்டார்கள் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

பத்தரை மணிக்குப் பெண்கள் பள்ளிக்கூடத்திலிருந்து திரும்பினார்கள். அவர்களில் பலருக்கு டாக்டர் கண்ணில் சொட்டு மருந்து விட்டிருந்தார். அந்த மருந்து விட்டால் சில மணி நேரம் பக்கத்தில் இருப்பது தெளிவாகத் தெரியாது, வெளிச்சம் கூசும். சேலை முந்தியை நெற்றிக்கு மேலே பிடித்தபடி, ஒருத்தர் தோளை ஒருத்தர் தொட்டுக்கொண்டு வந்தார்கள். முன்னால் வந்தவருக்கு நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். ஊரில் அவரை 'ஏஜெண்டக்கா' என்றார்கள். நனைந்த சிமெண்டில் கால் வைத்ததும் நின்றார்.

"ஏன் பிள்ளைகளா, இங்கன இம்புட்டு ஈரம்?"

அவர் குனிந்து தரையைத் தடவினார். ஒரு கை குழாயை அள்ளிப் பிசைந்து பார்த்தார்.

"தொட்டியத் திறந்துட்டீகளா?"

"நான்தான்க்கா திறந்தேன்."

"யாரது? எனக்கு மூஞ்சி தெரியல."

"நேத்து மைக்குல பேசுனது நான்தான்க்கா."

"ஓ. அந்தத் தொண்டையா," என்றார்.

மீதியைப் பின்னால் வந்தவர்கள் சொன்னார்கள். "வால்வத் திறக்கத் தெரியுது, தண்ணி எங்கிட்டுப் போகும்னு பாக்கத் தெரியல, இதுக்கு ஒரு காலேசு!" "நம்மளக் கண்ணக் காட்ட வாங்கன்னு கூப்புட்டுட்டு, இங்கன சோத்துல தண்ணிய ஊத்திட்டாக." "எல்லாத்தையும் பச்சை பனியன் போட்ட பிள்ளைகதான் செஞ்சிருக்கு, பாரு." முகாமுக்கென்று எங்களுக்குக் கொடுத்த பனியன் பச்சை நிறம். அதைக் கழற்றிவிடலாம் போல இருந்தது.

ஏஜெண்டக்கா தொட்டியின் தூணில் சாய்ந்து உட்கார்ந்து, சார் கேட்கக் கேட்கப் பதில் சொன்னார். அந்த ஊரில் பதினாலு வீட்டில் குழாய் சுற்றுகிறார்கள். இத்தனை வருஷமும் பக்கத்து ஊர் ஏஜெண்டு ஒருவர்தான் கம்பெனியிலிருந்து பேப்பர் கொண்டுவந்து போட்டு, குழாயை எடுத்துப் போவார். எடையில் பிடிப்பார், கழிவு என்று பிடிப்பார், கேட்டால் அடுத்த வாரம் பேப்பர் வராது. இந்த அக்கா தானே ஐந்து தடவை கம்பெனிக்கு நடந்து, மேனேஜரிடம் பேசி, பதினாலு வீட்டுக்கும் சேர்த்து நேரடியாக ஒரு ஆர்டர் வாங்கியிருந்தார். ஐந்நூறு குரோஸ். ஒரு குரோஸ் என்றால் நூற்று நாற்பத்து நான்கு குழாய். ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்குக் கம்பெனி வண்டி வரும். ஒரு குரோஸ் குறைந்தாலும் அடுத்த ஆர்டர் பழைய ஏஜெண்டுக்கே போய்விடும் என்று மேனேஜர் முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறார்.

"இது எத்தன குரோஸ்மா இருக்கும்?" சார் களத்தைக் காட்டிக் கேட்டார்.

"இருநூறு. மிச்சம் முந்நூறையே இவளுக இன்னம் சுத்தி முடிக்கல. அதுக்கே ஞாயித்துக்கிழம ஆயிரும். ரெண்டையும் எந்தக் கை சுத்தும்?"

பள்ளிக்கூடத்துக்கு வந்து சாப்பாட்டுத் தட்டோடு உட்கார்ந்தோம். மூன்றாம் வருஷம் படிக்கும் ஒருவர் எங்கள் மாணவர் தலைவர். நாங்கள் அவரைப் பாதிக் கிண்டலாகவும் பாதி மரியாதையாகவும் 'தலைவரே' என்போம். அவர்தான் முதலில் வாயைத் திறந்தார்.

"சார், எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு. நஷ்டம் எவ்வளவோ அதை எல்லாருமாப் போட்டுக் குடுத்துருவோம். ஆனா நாம என்ன குழாய் சுத்தவா வந்தோம்? மரக்கன்னு இருக்கு, சர்வே இருக்கு, பேரணி இருக்கு. இதை ரிப்போர்ட்ல எந்தத் தலைப்புல எழுதுவீங்க?"

கரண்டியோடு நின்ற ஒரு பெண் திரும்பினாள். விலங்கியல் மாணவி. அவள் அம்மா அரசாங்க ஆஸ்பத்திரியில் நர்ஸ். அன்று காலை கண் முகாமில் அத்தனை பேருக்கும் பெயர் எழுதி, சொட்டு விடும்போது தலையைப் பிடித்துக்கொண்டது அவள்தான்.

"அந்தக்காவுக்குக் காசு வேணாம்ணே. குழாய்தான் வேணும். தலைப்பு இல்லாட்டி விடுங்க. காலைல ரிப்போர்ட்டுல எழுதுற வேலையச் செய்வோம், மத்தியானம் எழுதாத வேலையச் செய்வோம்."

"நமக்கு ஒரு குழாயாச்சும் சுத்தத் தெரியுமா?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். பட்டாசுக்காரி மகன், பசையிலேயே வளர்ந்தவன் என்று அவர்கள் நினைப்பு. உண்மை என்னவென்றால், நான் ஒரு குழாய்கூடச் சுற்றியது கிடையாது. அம்மா ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டில் சுற்றுவார். நான் பக்கத்தில் போனால், "தள்ளிப் போ. கையில பசை பட்டா பேனா வழுக்கும்" என்று விரட்டுவார். இருபது வருஷம் பார்த்ததோடு சரி. அதைச் சொன்னேன். கூட்டத்தில் ஒரு பெருமூச்சு கேட்டது.

சார் அதுவரை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தவர், "திறந்தது அவன் கை. திறக்கச் சொன்னது என் வாய்," என்றார். "பேப்பர் எங்க கிடைக்கும்?"

விருதுநகர் பஜாரில் கடை வைத்திருக்கும் குடும்பத்துப் பையன் ஒருவன் எங்களோடு இருந்தான். எங்களுக்கு அவன் 'பாய்'. "பேப்பர் எம்பொறுப்பு சார். சிவகாசில அத்தாவுக்குப் பழக்கமான கடை இருக்கு," என்று எழுந்து, நனைந்த குழாய் ஒன்றைப் பிரித்துக் கைக்குட்டையில் சுருட்டிக்கொண்டு கிளம்பினான். என்ன கனம், என்ன நிறம் என்று காட்ட வேண்டுமே. யாரும் சொல்லாமலே அவனுக்கு அது தோன்றியது.

நாங்கள் போய் விஷயத்தைச் சொன்னதும் ஏஜெண்டக்கா சிரித்துவிட்டார்.

"நீங்களா? ஏலே, நீங்க ஒரு குரோஸ் சுத்துறதுக்குள்ள உங்க முகாம் முடிஞ்சு பஸ் வந்துரும்லே."

நர்ஸ் மகள் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். "கண்ணு தெளியச் சாயங்காலம் ஆயிரும்க்கா. அதுவரைக்கும் உங்களுக்கும் வேலை ஓடாதுல்ல? நீங்க பாக்கவே வேணாம், வாயால சொல்லுங்க. நாங்க சுத்துறதக் கையால தொட்டுப் பாத்துட்டு, ஆகாதத வீசிருங்க."

அப்படித்தான் எங்கள் முதல் பாடம் நடந்தது, கண் தெரியாத வாத்தியார்களிடம். வீட்டுக்கு மூன்று பேர் என்று பதினாலு வீட்டுக்கும் பிரிந்தோம். பாய் திரும்பும் வரை அந்தந்த வீட்டில் இருந்த பேப்பர்தான். ஒரு பலகை, ஒரு இரும்புக் கம்பி, மேலே வைத்து அழுத்த ஒரு சின்னக் கட்டை. காகிதத் துண்டின் ஓரத்தைக் கம்பியில் பிடித்து, கட்டையை வைத்து ஒரே தள்ளு. காகிதம் கம்பியைச் சுற்றி ஏறிக்கொள்ளும். கம்பியை உருவினால் குழாய். அம்மா செய்யும்போது சப்பாத்தி தேய்ப்பதைவிட லேசாகத் தெரியும். என் கையில் முதல் குழாய் புனல் மாதிரி வந்தது. இரண்டாவது கம்பியோடு ஒட்டிக்கொண்டு உருவவே வரவில்லை.

ஏஜெண்டக்கா ஒவ்வொன்றையும் வாங்கிக் கட்டைவிரலால் நடுவில் அமுக்குவார். அமுங்கினால் தோளுக்குப் பின்னால் எறிவார். அமுங்காவிட்டால் மடியில் போடுவார். கண்ணை மூடிக்கொண்டுதான் இத்தனையும். தோளுக்குப் பின்னால் ஒரு குவியல் சேர்ந்துகொண்டிருந்தது.

"இது யாரு சுத்துனது?"

"நான்க்கா."

"தொண்டையா? தொண்டைல இருக்குற வலுவுல பாதி கைக்கு வந்தாப் போதும்ப்பா."

அன்று பொழுது சாய்வதற்குள் நாங்கள் எல்லாரும் சேர்ந்து தேறிய கணக்கு ஒன்பது குரோஸ். சாயங்காலம் அம்மாவுக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னேன். "ஏலே, உன்னையக் காலேசுக்கு அனுப்புனது குழாய் சுத்தவாலே?" என்றார். பிறகு, "கம்பிய நுனி விரல்ல பிடிக்காத. உள்ளங்கை அடி இருக்குல்ல, அதால தள்ளு. பசையை ஓரத்துல மட்டும் தடவு," என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

மறுநாளிலிருந்து எங்கள் நாள் இரண்டாகப் பிரிந்தது. காலை ஆறிலிருந்து பதினொன்று வரை முகாம் வேலை. தொட்டியை முழுதாகக் கழுவினோம். இந்த முறை தண்ணி அண்ணன் முந்தின நாளே வீடு வீடாகச் சொல்லி, மூட்டையும் போட்டு, வால்வையும் தானே திறந்தார். நான் பக்கத்தில் போனபோது, "நீங்க அங்கனயே நில்லுங்க தம்பி, அதான் நல்லது," என்றார். மற்றவர்கள் சிரித்தார்கள். வேறு ஏதாவது கெடுத்துவிடக் கூடாதே என்ற பயத்தில், வாய்க்கால் தூர் அள்ளும்போதுகூட வீடு வீடாகப் போய், "அக்கா, இந்த மண்ண இங்கன போடலாமா?" என்று கேட்டுக் கேட்டுத்தான் அள்ளினோம். சாப்பிட்டதும் பலகையடிக்குப் போய்விடுவோம்.

பாய் கொண்டுவந்த பேப்பரை ஏஜெண்டக்கா விரலால் சுண்டிப் பார்த்து, "இதே சாதிப் பேப்பர்தான். இந்தப் பிள்ளைக்கு யாவாரம் தெரியுது," என்றார். அதைக் கேட்டதிலிருந்து அவன் நடையே மாறிவிட்டது. நாற்பத்தெட்டுக் கிலோவையும் ஆட்டோவிலிருந்து தானே தோளில் இறக்கினான்.

தலைவருக்குக் கை வரவே இல்லை. இரண்டு நாள் முயன்றார். அவர் சுற்றினது எல்லாம் தோளுக்குப் பின்னால்தான் போனது. வியாழக்கிழமை அவராகவே போய்ப் பசை காய்ச்சும் அடுப்பில் உட்கார்ந்துகொண்டார். மைதாவைக் கரைத்து, பூச்சி அரிக்காமல் இருக்கக் கொஞ்சம் துத்தம் போட்டு, கட்டி தட்டாமல் கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும். முதல் சட்டி அடிப்பிடித்து ஊரெல்லாம் தீய்ந்த வாடை.

"என்ன தலைவரே, அல்வாவா?" என்றான் பாய்.

"சாப்புட்டுப் பாரு, வாய் ஒட்டிக்கும். நாங்களாச்சும் நிம்மதியா இருப்போம்."

ஆனால் மூன்றாவது சட்டியிலிருந்து அவர் பசை அந்த ஊர்ப் பெண்களே கேட்டு வாங்குகிற பதத்துக்கு வந்துவிட்டது. வெயிலும் புகையும் சேர்ந்து கண் சிவந்து, மூன்று நாள் அந்த அடுப்பை விட்டு அவர் எழவில்லை. முகாம் தலைவர் என்று சட்டையில் குத்தியிருந்த அட்டையில் பசை காய்ந்து எழுத்தே தெரியவில்லை. அவரோடு எனக்கு எத்தனையோ மனத்தாங்கல் இருந்ததுண்டு. அந்த மூன்று நாளில் அதெல்லாம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

நர்ஸ் மகளின் கை எல்லாருடையதையும்விட வேகம். வெள்ளிக்கிழமை அவள் தனியாக மூன்று குரோஸ் சுற்றினாள். அதைவிட நான் வியந்தது வேறொன்று. முதல் நாள் எங்களைத் திட்டிய அத்தனை பேருக்கும் அவள் மகளாகிவிட்டாள். கண்ணாடி வேண்டுமென்று எழுதிக் கொடுத்த சீட்டுகளை ஒவ்வொருவரிடமும் வாங்கி, யார் எப்போது ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும் என்று சுற்றிக்கொண்டே வாயால் சொல்லிக்கொண்டிருப்பாள். கட்டையும் நிற்காது, பேச்சும் நிற்காது.

எனக்கு அம்மா சொன்ன உள்ளங்கை வித்தை வியாழன் மதியம்தான் பிடிபட்டது. ஏஜெண்டக்கா வாங்கி அமுக்கினார். அமுங்கவில்லை. மறுபடி அமுக்கினார். மடியில் போட்டுவிட்டு அடுத்ததற்குக் கை நீட்டினார். தேர்வில் முதல் மதிப்பெண் வாங்கியபோதுகூட எனக்கு அப்படி இருந்ததில்லை.

புதன் நாற்பத்திரண்டு, வியாழன் ஐம்பத்தெட்டு, வெள்ளி அறுபத்தொன்று. சனிக்கிழமை மீதி முப்பது. அதையும் மதியத்துக்குள் முடித்தால்தான் சாயங்கால வெயில் அதற்குக் கிடைக்கும். அன்று மட்டும் சார் பேரணியை ரத்து செய்துவிட்டார். நிறைவு விழாவுக்குச் சொல்லியிருந்த சாமியானாவையும் வேண்டாம் என்றார். அவரும் சட்டைக்கையை மடித்துவிட்டுப் பலகை முன்னால் உட்கார்ந்தார். ஏஜெண்டக்கா அவர் குழாயையும் அதே மாதிரி அமுக்கிப் பார்த்துத் தோளுக்குப் பின்னால் எறிந்தார். "சாருன்னா வேற கணக்கா?" என்றார். பன்னிரண்டரைக்குக் கடைசிக் குழாய் களத்துக்கு வந்தது.

மாலையில் நிறைவு விழாவுக்குக் கல்லூரி முதல்வர் காரில் வந்து இறங்கினார். மேடை இல்லை, மாலை இல்லை. களத்தைச் சுற்றிப் பசைக் கையோடு நாற்பத்தேழு பேர், நடுவில் பழுப்பு நிறத்தில் குழாய்.

"இது எந்தத் திட்டத்துல வருது?" என்று கேட்டார்.

சாருக்கு முந்தித் தலைவர் சொன்னார்: "எதுலயும் வரலை சார். நனைச்சது நாங்க. அதான் சுத்துனோம்."

முதல்வர் காலணியைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, குழாய்களுக்கு இடையில் பார்த்துப் பார்த்துக் கால் வைத்து வந்து எங்களோடு உட்கார்ந்தார். பேச்சு ஒன்றும் பேசவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஒன்பதுக்குக் கம்பெனி வண்டி வந்தது. சரக்கைப் பார்த்து எடுக்கிற செக்கர் இறங்கி, மூட்டைக்கு மூட்டை கை விட்டு அள்ளி, ஒரு கம்பியை நுழைத்தும் விரலால் அமுக்கியும் பார்த்தார். எங்கள் மூட்டைக்கு வந்ததும் அவர் கை நின்றது. நான் ஏஜெண்டக்கா முகத்தைப் பார்த்தேன். அவர் செக்கர் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னம்மா, இதெல்லாம் புதுக் கையா இருக்கு?"

"ஆமா. புது ஆளுக போட்டுருந்தேன்."

"எம்புட்டுப் பேரு?"

"நாப்பத்தெட்டு."

"இந்த ஊர்ல அம்புட்டுப் பேரு எங்கன புடிச்சீக?"

"காலேசுல," என்றார். செக்கர் அதைக் கேலி என்று எடுத்துக்கொண்டு சிரித்துவிட்டு, பொறுக்கத் தொடங்கினார். பொறுக்கிப் பொறுக்கிப் பதின்மூன்று குரோஸைக் கழிவு என்று ஒதுக்கினார். ஐந்நூறில் பதின்மூன்று குறைவு.

ஏஜெண்டக்கா தெருப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார். பதினாலு வீட்டிலிருந்தும் ஆளுக்கொரு சின்னப் பையோடு பெண்கள் வந்தார்கள். வீட்டுக்கு ஒரு குரோஸ் கூடுதலாகச் சுற்றிக் காயவைத்திருந்தார்கள். எங்களுக்குச் சொல்லவே இல்லை. முதல் நாள் பனியன் நிறத்தைச் சொல்லித் திட்டிய அக்கா தன் பையைச் செக்கர் முன்னால் வைத்துவிட்டு என்னைப் பார்த்து, "உங்க கைய நம்பி உக்காந்துருக்க முடியுமாய்யா?" என்றார்.

ஐந்நூறும் எண்ணி வண்டியில் ஏறியது. பிறகு செக்கர் வண்டிக்குள்ளிருந்து அடுத்த ஆர்டருக்கான பேப்பர் கட்டுகளை இறக்கச் சொன்னார். பழைய ஏஜெண்டு வாசலில் இறங்காமல், ஏஜெண்டக்கா வாசலில் இறங்கின முதல் கட்டுகள். பாயும் நானும்தான் இறக்கினோம். அவர் ஒவ்வொரு கட்டையும் தொட்டு எண்ணிக்கொண்டே, "சாப்புட்டுப் போங்க பிள்ளைகளா. வெறும் வயித்தோட யாரும் பஸ் ஏறக் கூடாது, ஆமா," என்றார். பதினாலு வீட்டிலும் எங்களுக்கு இட்லி வெந்துகொண்டிருந்தது.

கூடுதலாகச் சுற்றிய பதினாலு குரோஸுக்குக் கூலியைச் சார் கொடுத்தார். ஒரு வீட்டிலும் வாங்கவில்லை. பசைச் செலவையும் கழிவுக்குப் பிடித்த பணத்தையும் மட்டும் ஏஜெண்டக்காவிடம் வாதாடி வாங்க வைத்தார். முகாமுக்கு வந்த பணத்திலிருந்து இதற்கு ஒரு ரூபாய்கூட எடுக்கக் கூடாது, நம் பையிலிருந்துதான் என்று செவ்வாய்க்கிழமையே எங்களிடம் சொல்லியிருந்தார். பேப்பர் இரண்டாயிரத்து அறுநூற்று நாற்பது. மைதா, துத்தம், விறகு நானூற்று இருபது. ஆட்டோ எண்ணூறு. கழிவுக்குக் கம்பெனி பிடித்தது நானூற்று அறுபது. ஆக மொத்தம் நாலாயிரத்து முந்நூற்று இருபது ரூபாய். சாரோடு சேர்த்து நாற்பத்தெட்டுப் பேர், ஆளுக்குத் தொண்ணூறு.